எம்.பி ரிக்கற் வேணுமெண்டா முதல்ல மெம்பர்மாரின்ர வீட்டுக் கதவைத் தட்டுங்கோ

வந்த கடிதம் (கொஞ்சம் சுருக்கியிருக்கிறன்):

"அக்கா, நான் லண்டனில லேபர் கவுன்சிலர், 2018 இல முதல் தடவை வந்தனான். பக்கத்துத் தொகுதி எம்.பி அடுத்த தேர்தலில நிக்கமாட்டன் எண்டு அறிவிச்சிட்டார். முந்தி என்ர வார்ட்டும் அந்தத் தொகுதிக்குள்ளதான் இருந்தது, 2024 எல்லை மாற்றத்தில வெளியில போட்டுது. அங்க கட்சி மெம்பர்மார் ஒரு நானூறு பேர் இருப்பினம், அவைதான் வேட்பாளரைத் தெரிவு செய்யப் போகினம். எனக்கு நிக்க விருப்பம், ஆனா நான் வெளி ஆள் எண்டு இப்பவே சிலர் கதைக்கத் தொடங்கீட்டினம். கணவர் சொல்றார், கோயில் ஆக்களையும் தமிழ்ப் பள்ளிக்கூடப் பெற்றாரையும் பிடிச்சு நூற்றைம்பது பேரைக் கட்சியில சேர்ப்பம், சந்தாக் காசை நாங்களே கட்டுவம், பிறகென்ன பயம் எண்டு. கனடாவில இருக்கிற மாமா செலவுக்குக் காசு அனுப்புறன் எண்டுறார். எனக்கு இதுகள் சரியோ எண்டும் தெரியேல்லை. ஒவ்வொரு மெம்பரிட்டயும் போய் எனக்கு வோட் போடுங்கோ எண்டு கேக்கவும் கூச்சமாக் கிடக்கு. என்ன செய்யலாம்?"

தங்கச்சி, உங்கட கூச்சத்துக்குப் பிறகு வாறன். முதல்ல கணவரின்ர அந்த நூற்றைம்பது பேர் கணக்கை நிப்பாட்டுங்கோ, ஏனெண்டா அது நடந்தா நான் எழுதப்போற மிச்சம் ஒண்டுக்கும் வேலை இருக்காது. ஒராளின்ர சந்தாவை இன்னொராள் கட்டி மொத்தமா ஆக்களைச் சேர்க்கிறதைக் கட்சி விதி அனுமதிக்காது. அதை விடுங்கோ, அது உங்களுக்கு உதவவும் மாட்டுது, ஏனெண்டா லேபரில வழக்கமா ஒரு தேதியைக் குறிச்சு அந்தத் தேதிக்கு ஆறு மாசம் முதலே மெம்பரா இருந்தவைதான் வேட்பாளர் தெரிவில வோட் போடலாம் எண்டு வைப்பினம், நேற்றுச் சேர்ந்த ஆக்கள் பாத்துக்கொண்டுதான் இருக்க வேணும். ஒரே கிழமையில ஒரே பாங்க் கார்ட்டில இருந்து நூற்றைம்பது மெம்பர்ஷிப் வந்தா தலைமை அலுவலகத்தில இருக்கிற ஆக்களுக்குக் கண்ணில படாமலும் போகாது.

2013 இல ஸ்கொட்லாந்தில ஃபோல்கேர்க் தொகுதியில நடந்ததை நினைவிருக்கோ தெரியாது. ஒரு தொழிற்சங்கம் ஆக்களைக் கட்சியில சேர்த்த விதத்தைப் பற்றிக் குற்றச்சாட்டு வந்து, கட்சி விசாரணை வைச்சு, விசயம் பொலிஸ் வரைக்கும் போனது. கடைசியில ஒருத்தருக்கு எதிராயும் ஒண்டும் நிரூபிக்கப்படேல்லை, ஆனா அந்தத் தெரிவு குழம்பி, அதில முன்னுக்கு நிண்ட ஆள் விலகி, 2014 இல கட்சிக்கும் தொழிற்சங்கங்களுக்கும் இருக்கிற உறவின்ர விதியளையே மாத்தினவை. பிழை நிரூபிக்கப்படாமலே இவ்வளவு நடந்தது எண்டா, உண்மையாவே சந்தா கட்டின ரசீதோட பிடிபட்டா உங்கட கவுன்சிலர் வேலைக்கும் ஆபத்து வரலாம், உங்களை நம்பிக் கையெழுத்து வைச்ச அந்தக் கோயில் ஐயாமார், அம்மாமாரின்ர பேரும் பேப்பரில வரும். அவைக்கு அதைச் செய்ய வேண்டாம். கட்சியின்ர கொள்கை பிடிச்சு, தங்கட காசில, தங்கட ஈமெயிலில, தாங்களா சேருற தமிழாக்கள் எத்தினை பேரும் சேரட்டும், அது நல்ல விசயம், நான் முப்பது பேரை அப்பிடிச் சேர்க்கச் சொல்லித்தான் எல்லாருக்கும் சொல்றனான். ஆனா உங்கட தெரிவு முடிஞ்ச பிறகும் அவை கட்சியில இருப்பினமோ எண்டு கேட்டுப் பாருங்கோ, இல்லை எண்டா சேர்க்கிறதில அர்த்தம் இல்லை.

கோயில் பற்றியும் இதோட சொல்லிப்போடுறன். இங்கத்தைய கோயில்களும் தமிழ்ப் பள்ளிக்கூடங்களும் கனக்க சரிட்டியா, அதாவது தர்ம நிறுவனமாப் பதிஞ்சிருக்கு. இங்கிலாந்தில சரிட்டி ஒண்டு ஒரு கட்சிக்கோ ஒரு வேட்பாளருக்கோ ஆதரவு குடுக்கேலாது, சரிட்டியளைக் கண்காணிக்கிற சரிட்டி கொமிஷன் இதை மிகத் தெளிவா எழுதி வைச்சிருக்கு. பூசை முடிய மைக்கில "எங்கட பிள்ளை நிக்குது, எல்லாரும் ஆதரவு குடுங்கோ" எண்டு ஒராள் ஆசையில சொன்னா, முறைப்பாடு போறது கோயில் ட்ரஸ்டிமாருக்கு. நீங்கள் கும்பிடப் போங்கோ, ஆக்களோட கதையுங்கோ, ஆனா கோயிலின்ர பேரையும் லெட்டர்ஹெட்டையும் வட்ஸ்அப் குறூப்பையும் இதுக்குள்ள கொண்டு வராதீங்கோ. அதே மாதிரி வீட்டுப் பிரச்சினை, விசாப் பிரச்சினை எண்டு கவுன்சிலரா உங்களிட்ட வந்த ஆக்களின்ர ஃபோன் நம்பரையும் தொடாதீங்கோ. அது அவை ஒரு உதவிக்காகத் தந்த நம்பர், அதை எடுத்து வோட் கேட்டா தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கும் பிழை, நம்பி வந்தவைக்குச் செய்யிற துரோகமும் கூட.

மாமாவின்ர காசு. 2000 ஆம் ஆண்டுச் சட்டப்படி கட்சி மெம்பர் ஒராள் தன்ர அரசியல் வேலைக்கு, வேட்பாளர் தெரிவில போட்டி போடுறதும் அதுக்குள்ள அடக்கம், 500 பவுணுக்கு மேல நன்கொடை வாங்கினா அது அனுமதிக்கப்பட்ட ஆளிட்ட இருந்து வந்ததோ எண்டு பாக்க வேணும், இல்லை எண்டா 30 நாளுக்குள்ள திருப்பிக் குடுக்க வேணும். அனுமதிக்கப்பட்ட ஆள் எண்டா முக்கியமா இங்க வாக்காளர் பட்டியலில பேர் இருக்கிற ஆள். மாமா முந்தி இங்க இருந்து போன பிரிட்டிஷ் சிற்றிசனா இருந்து, வெளிநாட்டு வாக்காளரா பதிஞ்சிருந்தா கதை வேற, வெளிநாடு போய்ப் பதினைஞ்சு வருசத்துக்குள்ளதான் அப்பிடிப் பதியலாம் எண்ட எல்லையையும் 2024 ஜனவரியில இருந்து எடுத்திட்டினம். அப்பிடி இல்லாட்டி நன்றி சொல்லி வேண்டாம் எண்டுங்கோ. 490, 490 எண்டு பிரிச்சு அனுப்பச் சொல்லுவம் எண்டு யாரும் யோசினை சொன்னா அந்த ஆளிட்ட இனி யோசினை கேக்காதீங்கோ. அதோட தெரிவுப் போட்டிக்கு எவ்வளவு செலவழிக்கலாம், எத்தினை லீஃப்லெட் அடிக்கலாம் எண்டு கட்சியே ஒரு எல்லை வைச்சிருக்கும், ஒவ்வொரு தடவையும் தாற நடைமுறைத் தாளில அது எழுதியிருக்கும், முதல் நாளே அதை இருந்து முழுக்க வாசியுங்கோ. இந்த வேலைக்குப் பெரிய காசு தேவையே இல்லை எண்டதுதான் உண்மை. தேவை உங்கட பின்னேரங்களும் சனி ஞாயிறும்.

இப்ப அந்த நானூறு பேருக்கு வருவம். 2024 எல்லையை வகுக்கேக்க அனேகமா எல்லாத் தொகுதியிலயும் வாக்காளர் தொகை 69,724 க்கும் 77,062 க்கும் இடையில வரத்தான் வகுத்தவை. அவ்வளவு சனத்துக்கும் யார் எம்.பி எண்டதை, கட்சிக்குப் பாதுகாப்பான ஒரு தொகுதியில, இந்த நானூறு பேர்தான் உண்மையில முடிவெடுக்கினம். நானூறு பேரும் வோட் போடவும் மாட்டினம். ஒரு பேச்சுக்கு 220 பேர் போட்டா 111 பேர் உங்களுக்குப் போதும். நூற்றிப் பதினொரு பேர் எண்டா பேர் சொல்லி, முகம் தெரிஞ்சு, அவையின்ர வீட்டு நாயின்ர பேர் வரைக்கும் தெரிஞ்சு வைச்சிருக்கக் கூடிய ஆக்கள். ஆனபடியால் இதைப் பெரிய தேர்தல் மாதிரி போஸ்டர், வீடியோ, ஹாஷ்டாக் எண்டு செய்யாதீங்கோ, நல்ல கெட்டிக்கார ஆக்கள் கனபேர் அதில பிழைச்சுப் போனதை நான் கட்சி ஏஜென்ரா வேலை செய்த காலத்தில கண்டனான்.

1983 இல ரோனி பிளேயர் செட்ஜ்ஃபீல்டுக்கு வந்த கதையைச் சின்ன வயசில இருந்து கட்சி ஆக்கள் சொல்லக் கேட்டிருப்பீங்கள், ஆனா அதில எங்களுக்குத் தேவையான பகுதியைக் கனபேர் கவனிக்கிறேல்லை. தேர்தல் அறிவிச்சாச்சு, மிச்சத் தொகுதியள் எல்லாத்துக்கும் ஆள் போட்டு முடியப்போகுது, அவருக்கு ஒரு இடமும் இல்லை. செட்ஜ்ஃபீல்டில ட்ரிம்டன் எண்ட ஒரு கிராமத்துக் கிளை இன்னும் ஒருத்தரையும் பிரேரிக்கேல்லை எண்டு அறிஞ்சு அந்த வீட்டுக்குப் போறார். உள்ள ஒரு அஞ்சு பேர். ரீவியில ஃபுட்போல் இறுதியாட்டம், அபர்டீனும் ரியல் மட்ரிட்டும், அது மேலதிக நேரத்துக்கும் போனது. அவரும் இருந்து முழுக்கப் பாத்திட்டு, பிறகுதான் கதைச்சவர். அந்தக் கிளை அவரைப் பிரேரிச்சுது. பிறகு தொகுதிக் குழுவில அவரின்ர பேரை ஷோர்ட்லிஸ்ற்றில சேர்க்கிறதோ எண்டு வோட் எடுத்தா 42 க்கு 41. ஒரு வோட். பதினாலு வருசம் கழிச்சு அவர் பிரதமர். அவரின்ர அரசியலைப் பற்றி, விசேசமா ஈராக் பற்றி, எனக்கு என்ர கருத்து இருக்கு, அது இங்க வேண்டாம். நான் சொல்றது, ஒரு வீட்டு ஹோலில இருந்த அஞ்சு பேர் இல்லாட்டி அந்தப் பேர் மேசைக்கே வந்திராது. லேபரில இண்டைக்கும் கிளையளும் இணைஞ்ச தொழிற்சங்கங்களும் பிரேரிக்கிற கட்டம் இருக்கு, அந்தக் கிளைக் கூட்டத்துக்கு வாறது பன்னிரண்டு பேரோ பதினைஞ்சு பேரோ. அந்தப் பன்னிரண்டு பேரை நீங்கள் இப்ப தெரிஞ்சு வைச்சிருக்கிறீங்களோ? இல்லை எண்டா நாளைக்கே தொடங்குங்கோ. தொழிற்சங்கத்தில நீங்களும் மெம்பரோ எண்டும் பாருங்கோ, இல்லாமல் வந்து சங்கத்தின்ர ஆதரவு கேட்டா நல்லா இருக்காது.

எப்பிடித் தொடங்கிறது எண்டா, வோட் கேட்டுத் தொடங்கிறேல்லை. அறிவிப்பு வர முதல் ஆதரவு திரட்டுறதுக்குக் கட்டுப்பாடும் இருக்கும், மெம்பர் லிஸ்ற்றும் முறையா ஒரு கட்டம் தாண்டின பிறகுதான் கையில தருவினம், அதுக்கு முதல் வேற ஆளிட்ட இருந்து களவா வாங்கின லிஸ்ற் உங்களைப் போட்டியில இருந்து தூக்கிவிடும். ஆனா அந்தத் தொகுதியில கன்வாசிங், அதாவது கட்சிக்கு வோட் கேட்டு வீடு வீடாப் போறதுக்கு ஒருத்தரிட்டயும் அனுமதி வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை காலமை குளிருக்குள்ள நாலு பேர் ஒரு மூலையில கிளிப்போர்டோட நிப்பினம், அதில அஞ்சாவது ஆளா நில்லுங்கோ. கவுன்சில் இடைத்தேர்தல் வந்தா போங்கோ. உங்களைப் பற்றிக் கதைக்க வேண்டாம், அவை எத்தினை வருசமா இந்த ரோட்டில லீஃப்லெட் போடினம், முந்தின எம்.பி எப்பிடி, எது அவைக்குக் கோவம், எதில அவை சோர்ந்து போச்சினம் எண்டு கேளுங்கோ. கட்சி மெம்பரா இருக்கிறது சரியான தனிமையான வேலை, தங்கச்சி. மழையில லீஃப்லெட் போடுவினம், சந்தா கட்டுவினம், தேர்தல் முடிய ஒருத்தரும் ஃபோன் எடுக்க மாட்டினம்.

ஒரு தொகுதியில நான் கண்டது. ஒரு பென்ஷனர் ஐயா, பஸ் ஓடினவர், வருசக்கணக்கா மூண்டு ரோட்டுக்கு லீஃப்லெட் போடுறவர். ஷோர்ட்லிஸ்ற்றில இருந்த ஒருத்தர், பெரிய படிப்பு, நல்ல பேச்சு, அவருக்கு ஃபோன் எடுத்துத் தன்ர சாதனையளைச் சொல்லி, தான் ஏன் நல்ல எம்.பியா வருவன் எண்டு சொல்லி, கடைசியில "ஏதும் கேள்வி இருக்கோ" எண்டு கேட்டவர். ஐயாவும் இல்லை எண்டு வைச்சிட்டார். இன்னொருத்தி எடுத்து "உங்கட ரவுண்ட் எந்த ரோட்? இந்தச் சனி நானும் வரட்டோ?" எண்டு கேட்டவ, போனவ, ரெண்டு மணித்தியாலம் நடந்தவ, அதுக்குள்ள அந்த வீதியில எந்த வீட்டில ஈரச்சுவர், எந்த வீட்டில முதியவர் தனிய எண்டெல்லாம் ஐயா சொல்லி முடிச்சிட்டார். ஹஸ்டிங்ஸில, அதாவது வேட்பாளர்மார் மெம்பர்மாருக்கு முன்னால பேசிற கூட்டத்தில, அவ அந்த ஈரச்சுவர் வீட்டைப் பற்றிக் கதைச்சவ. ஐயா தனக்குத் தெரிஞ்ச பத்துப் பேருக்குத் தானே ஃபோன் எடுத்தவர், ஒருத்தரும் கேக்காமலே. நீங்கள் எடுக்கிற நூறு ஃபோனை விட, உங்களுக்காக இன்னொரு மெம்பர் எடுக்கிற பத்து ஃபோன் பெறுமதி.

சரி, கூச்சம். இது உங்கட குறை இல்லை. தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொண்டு திரியக்கூடாது எண்டுதான் எங்களை வளர்த்தவை, அதுவும் பொம்பிளைப் பிள்ளையளை. ஆரும் எங்களைக் கூப்பிடுவினம் எண்டு இருந்து பழகீட்டம். கட்சியில ஒருத்தரும் கூப்பிட மாட்டினம். கேட்ட ஆளுக்குத்தான் கிடைக்கும், அதுவும் சுத்தி வளைச்சுக் கேட்டா இல்லை. "நான் நிக்கலாமோ எண்டு யோசிக்கிறன், நீங்கள் என்ன நினைக்கிறீங்கள்" எண்டு கேட்டா, "நல்ல விசயம் பிள்ளை, செய்யுங்கோ" எண்டுவினம், நீங்கள் அதை ஒரு வோட்டா எழுதுவீங்கள். அது வோட் இல்லை. "பாப்பம்" எண்டதும் வோட் இல்லை. எங்கட ஆக்கள் முகத்துக்கு நேர இல்லை எண்டு சொல்ல மாட்டினம், வெள்ளைக்காரரும் இதில எங்களை மாதிரித்தான். நேர கேளுங்கோ, "உங்கட முதல் விருப்பு வோட்டை எனக்குப் போடுவீங்களோ?" கேட்டிட்டு வாயை மூடிக்கொண்டு இருங்கோ. அந்த நாலு செக்கன் மௌனத்தை நிரப்ப வேண்டாம், அவை பதில் சொல்லட்டும். முதல் பத்துப் பேரிட்டக் கேக்க நாக்குத் தடுமாறும், பிறகு பழகும், இதில வேற வைத்தியம் இல்லை. கேக்கிறது பிச்சை இல்லை எண்டும் மனசில வையுங்கோ, அவையின்ர கையில ஒரு முடிவு இருக்கு எண்டதை மதிச்சுப் போய்க் கேக்கிறீங்கள், கேக்காமல் விட்டா அதுதான் அவையை அவமதிக்கிறது.

ஒவ்வொரு கதைக்கும் பிறகு ஒண்டில இருந்து அஞ்சு வரை ஒரு நம்பர் போடுங்கோ. ஒண்டு எண்டா வாயால "ஓம், உங்களுக்குத்தான்" எண்டு சொன்ன ஆள், அஞ்சு எண்டா வேற ஆளுக்கு உறுதியா நிக்கிறவர். சந்தேகம் எண்டா எப்பவும் ஒரு படி குறைச்சு, ஒண்டு எண்டதை ரெண்டா, போடுங்கோ. அஞ்சு எண்டவரையும் விட வேண்டாம், மரியாதையா "உங்கட ரெண்டாவது விருப்பை எனக்குத் தருவீங்களோ" எண்டு கேளுங்கோ, ஏனெண்டா வோட் எண்ணுறது விருப்பு வரிசையில, கடைசியில வாற ஆளை நீக்கி அவரின்ர வோட்டுகள் மற்றவைக்குப் பிரியும், மூண்டு நாலு பேர் நிண்டா பெரும்பாலும் ரெண்டாவது விருப்பிலதான் வெற்றி நிக்கும். இதாலதான் சொல்றன், மற்ற வேட்பாளர்மாரைப் பற்றி ஒரு வார்த்தை பிழையாக் கதைக்காதீங்கோ, கணவரையும் கதைக்க விடாதீங்கோ, வட்ஸ்அப்பில வாற கதையைத் தட்டி அனுப்பவும் வேண்டாம். நீங்கள் திட்டின ஆளின்ர ஆதரவாளர்தான் நாளைக்கு உங்களுக்குத் தேவை.

வயசான, வெளிய வரேலாத மெம்பர்மாரை மறக்காதீங்கோ. அவையைத் தேடி ஒருத்தரும் போறேல்லை. போஸ்ட்டிலயோ ஒன்லைனிலயோ வோட் போடுற முறையை விளங்கப்படுத்துங்கோ, ஆனா அவையின்ர வோட் பேப்பரைக் கையால தொடாதீங்கோ, லொகினையும் கேக்காதீங்கோ. உதவி எண்டு நினைச்சுச் செய்தாலும் முறைப்பாடு வந்தா விளங்கப்படுத்தேலாது.

வெளி ஆள் எண்ட கதைக்கு: சட்டப்படி எம்.பி அந்தத் தொகுதியில இருக்கவே தேவையில்லை. ஆனா மெம்பருக்கு சட்டம் தேவையில்லை, நீங்கள் எங்கட கஷ்டம் தெரிஞ்ச ஆளோ எண்டதுதான் தேவை. எல்லை மாற முதல் உங்கட வார்ட் அந்தத் தொகுதிக்குள்ள இருந்த ஆறு வருசமும் நீங்கள் அந்த மெம்பர்மாரோட ஒரே தொகுதிக் கட்சியில இருந்த ஆள், அதைச் சொல்லலாம், ஆனா "எல்லை ஆணைக்குழு செய்த வேலை" எண்டு முறைப்பாடு மாதிரிச் சொல்லிக்கொண்டு நிக்க வேண்டாம். அந்தத் தொகுதியில நீங்கள் என்ன செய்தீங்கள் எண்டு மூண்டு விசயம், பேர் சொல்லக்கூடிய வீதி, பேர் சொல்லக்கூடிய பள்ளிக்கூடம், அதுதான் பதில். இதுக்குள்ள சொல்லாத கேள்வியும் ஒண்டு இருக்கும், இவ வந்தா தமிழருக்கு மட்டும் எம்.பியோ எண்டு. கோவிக்க வேண்டாம். நீங்கள் தமிழ் எண்டதை ஒளிக்கவும் வேண்டாம், எங்கட பிள்ளையள் ஒளிச்சது போதும். ஆனா நீங்கள் சொல்ற உதாரணங்களில சோமாலி அம்மாவும் ஐரிஷ் தாத்தாவும் வர வேணும், அது உண்மையா நீங்கள் செய்த வேலையா இருக்க வேணும். மற்றப் பக்கம், தொகுதியில இருக்கிற தமிழ் மெம்பர்மார் எல்லாம் உங்களுக்குத்தான் எண்டும் நினைக்காதீங்கோ. ஊர், கோயில் பிரிவு, பழைய சங்கத்துச் சண்டை எல்லாம் உங்களுக்கு முன்னால அங்க வந்து இருக்கும். அவையிட்டயும் மற்றவையிட்டப் போற மாதிரியே போய்க் கேளுங்கோ.

மெம்பர்மாரிட்டப் போக முதல் கட்சியின்ர பனல் உங்களைச் சல்லடை போடும், பழைய ஃபேஸ்புக், ட்விட்டர் எல்லாம் தோண்டுவினம். எங்கட ஆக்களுக்கு இதில ஒரு விசேசமான விசயம் இருக்கு, மூடி வைக்காமல் சொல்றன். முள்ளிவாய்க்காலில செத்த சனத்துக்கு விளக்கு வைச்ச படம் துக்கம், அதுக்கு நீங்கள் தலை குனியத் தேவையில்லை. ஆனா புலிகள் இயக்கம் 2001 இல இருந்து இந்த நாட்டில தடை செய்யப்பட்ட பட்டியலில இருக்கு, கொடியோ சின்னமோ உங்களுக்குப் பின்னால தெரியிற படம் பத்து வருசம் பழசா இருந்தாலும் கேள்வியா வரும். அவை கண்டுபிடிக்க முதல் நீங்களே எடுத்துச் சொல்லுங்கோ, எந்த நிகழ்ச்சி, ஏன் போனீங்கள் எண்டு. தேவை எண்டா ஒரு வக்கீலிட்டயும் காட்டுங்கோ. ஒளிச்சது வெளிய வந்து நிண்ட ஆக்களைப் பாத்திருக்கிறன், படம் சேதம் செய்தது கொஞ்சம், ஒளிச்சதுதான் மிச்சத்தைச் செய்தது.

ஹஸ்டிங்ஸ் பற்றி நான் அதிகம் எழுதேல்லை, ஏனெண்டா அதில தெரிவு நடக்குது எண்டு எல்லாரும் நினைக்கினம், ஆனா மண்டபத்துக்கு வாற நேரம் கனபேர் முடிவெடுத்திட்டுத்தான் வருவினம், சிலர் வோட்டே போட்டிருப்பினம். பேச்சை மனனம் செய்யுங்கோ, தந்த நேரத்துக்கு அரை நிமிசம் முதல் முடியுங்கோ, சத்தமாக் கதையுங்கோ. வீட்டையும் பிள்ளையளையும் எப்பிடிப் பாப்பீங்கள் எண்டு ஒராள் கேக்கலாம். மார்கிரட் தாட்சரை 1958 இல மெய்ட்ஸ்டன் தொகுதித் தெரிவில இப்பிடித்தான் கேட்டவை, அந்த இடம் கிடைக்கேல்லை, அதே வருசம் ஃபின்ச்லி கிடைச்சு 1959 இல எம்.பி ஆனவ. இண்டைக்கு 2010 சமத்துவச் சட்டம் இருக்கு, கூட்டத்தை நடத்துற தலைவர் அந்தக் கேள்வியை விடக்கூடாது, ஆனா வந்தா கோவப்படாமல் "என்னோட நிக்கிற ஆண் வேட்பாளருக்கும் இதே பதில்தான்" எண்டு சொல்லி ரெண்டு வசனத்தில முடிச்சு, வீட்டு வாடகைக்கோ ஆஸ்பத்திரிக்கோ கதையைத் திருப்புங்கோ.

இன்னும் ஒரு கசப்பான விசயம். இவ்வளவும் செய்தும் மேல இருக்கிறவை இன்னொராளைக் கொண்டு வந்து விடலாம். வாக்குச்சீட்டில கட்சிப் பேர் வர வேணுமெண்டா கட்சியின்ர நியமன அதிகாரி கையெழுத்து வைச்ச சான்றிதழ் வேணும், அதால கடைசிச் சொல் எப்பவும் தலைமையிட்டத்தான். 2024 மே மாசம் தேர்தல் திடீரெண்டு அறிவிச்ச உடனே மிஞ்சியிருந்த லேபர் தொகுதியளுக்குத் தேசிய செயற்குழுப் பனல்தான் ஆளைப் போட்டது, உள்ளூர் மெம்பர்மார் வோட் போடேல்லை. எனக்கு அது பிடிக்கேல்லை, அந்தக் கிளையளில வருசக்கணக்கா உழைச்ச ஆக்களுக்கு அது அநியாயம், இப்பவும் சொல்லுவன். நீங்கள் செய்யக் கூடியது ஒண்டுதான், பிராந்திய அலுவலகத்தோடயும் நல்ல தொடர்பில இருங்கோ, அடுத்த தேர்தல் எப்பிடியும் 2029 ஆகஸ்ட்டுக்குள்ள வர வேணும், தெரிவு நேரத்துக்கே நடத்தச் சொல்லி உள்ளூர்க் கட்சி கேக்கட்டும். உங்கட மாமா தலைவர்மாரிட்டக் கதைக்கிறன் எண்டாலோ, எம்.பி ஒராளுக்கு விருந்து வைக்கிறன் எண்டாலோ விட வேண்டாம், அதை மெம்பர்மார் எப்பிடியும் அறிவினம், அறிஞ்சா முடிஞ்சுது.

தோக்கவும் கூடும். உமா குமரன் 2015 இல ஹரோ ஈஸ்ட்டில வேட்பாளரா நிண்டு தோத்தவ, 2024 இல ஸ்ட்ரட்ஃபோர்ட் அண்ட் போ தொகுதியில வெண்டு பிரிட்டிஷ் பாராளுமன்றம் போன முதல் ஈழத்தமிழ்ப் பொம்பிளை. இடையில ஒன்பது வருசம். நீங்கள் தோத்தா அடுத்த நாள் காலமை வெண்டவருக்கு ஃபோன் எடுத்து எந்த ரோட்டில கன்வாசிங் எண்டு கேட்டுப் போங்கோ, மெம்பர்மார் அதைக் கனகாலம் நினைவில வைச்சிருப்பினம், பக்கத்துத் தொகுதி மெம்பர்மாரும் கேள்விப்படுவினம்.

இந்தக் கிழமை செய்ய வேண்டியது மூண்டு. கணவரோட இருந்து அந்த நூற்றைம்பது பேர் கதையை முடியுங்கோ, அவரின்ர உற்சாகத்தை வீணாக்காதீங்கோ, பின்னேரம் பிள்ளையளைப் பாக்கிறதும் சமையலும் தேர்தல் முடியும் வரைக்கும் அவரின்ர பொறுப்பு எண்டு கேளுங்கோ, அது அந்தச் சந்தாக் காசை விடப் பெரிய உதவி. அந்தத் தொகுதியின்ர ஒவ்வொரு கிளைச் செயலாளரின்ர பேரையும் அடுத்த கூட்டத் தேதியையும் எழுதி எடுங்கோ. ஞாயிறு கன்வாசிங் எங்க தொடங்குது எண்டு கேட்டு, பத்து நிமிசம் முதலே போய் நில்லுங்கோ. மெம்பர் லிஸ்ற் கையில வந்து முதல் நாற்பது பேரோட கதைச்ச பிறகு உங்கட ஒண்டு, ரெண்டு நம்பர்களை எண்ணிப்போட்டு எனக்கு எழுதுங்கோ, பேர் ஒண்டும் வேண்டாம், எண்ணிக்கை மட்டும், அதைப் பாத்துத்தான் அடுத்த யோசினை சொல்லலாம்.